சங்குக்குப் பிறகு விழுந்த கூடை

அணி தோற்ற நாட்களில் நாகலெட்சுமி நன்றாகச் சாப்பிடுவாள். வென்ற நாட்களில்தான் சோறு இறங்காது. தட்டைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பாள். தோற்றவர்களிடம் பறிப்பதற்கு எதுவும் இல்லை, வென்றவர்களிடம்தான் இருக்கிறது என்பது அவள் எண்ணம். லிந்துலைச் சந்தியில் ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் அழகுமுத்து இதை வைத்தே அவளைச் சீண்டுவான்.

"இன்னைக்கும் ஜெயிச்சிட்டீங்களா? அப்ப அந்த மீன இங்கிட்டுத் தள்ளு."

அந்த வருடம் தொடரின் பாதி வழியில் அவன் அவளுடைய மீனை நிறையவே சாப்பிட்டான்.

லிந்துலைக்கு மேலே, தேயிலை ஃபக்டரியை ஒட்டிய சரிவில் இருந்த ஒரு தொழிற்கல்லூரியில் அவள் உடற்பயிற்சி ஆசிரியை. மோட்டார் வேலையும் மின்சார வேலையும் பழக வந்த ஆண்பிள்ளைகள்தான் மாணவர்கள். பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். அவளும் டயகமப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள்தான். தாய் கொழுந்து பறித்தவர். பள்ளிக்கூட நாட்களில் நாகலெட்சுமி வலைப்பந்து ஆடினாள், மாகாண அணிவரை போனாள். அந்த ஆட்டம்தான் அவளைப் படிக்கவைத்தது, வேலைக்கும் கொண்டுவந்தது. மலைநாட்டுக் கல்லூரிகளுக்கிடையே ஆண்கள் கூடைப்பந்துத் தொடர் தொடங்கியபோது அணியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் அந்தப் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. இரண்டு வருடம் கடைசி இடம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மூன்றாவது வருடத் தொடக்கத்தில் அதிபர் பாலச்சந்திரன் அவளை அழைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். அன்று வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார். கண்டியில் பயிற்சி பெற்ற ஒருவர் வரத் தயாராக இருக்கிறார், வளர்ந்த பையன்களுக்கு ஆண் பயிற்றுநர் இருப்பது நல்லது என்று நிர்வாகம் நினைக்கிறது என்றார். பிறகு, முதல் சுற்று முடியும்வரை பார்ப்போம், எட்டு அணிகளில் முதல் நான்குக்குள் வந்தால் அணி உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லி முடித்தார். இரண்டு வருடமாக விட்டுவிட்டுப் போகலாமென்று நினைத்த வேலை, எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்றதும் அவளுக்கு உயிராகிவிட்டது. வீட்டுக்கு வந்து அழகுமுத்துவிடம் சொன்னாள். "அப்ப உங்க அதிபரு தேதி வச்சிச் சங்கு ஊதப் போறாரு" என்று சிரித்தான் அவன். அவள் சிரிக்கவில்லை.

கல்லூரியின் ஆடுகளம் வெடித்துப்போன கொங்கிரீட். மழை நீர் ஓடி ஓடி நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு போனால் அந்தக் கோட்டில் பட்டுத் தேயிலைக்குள் ஓடும். ஒவ்வொரு முறையும் ஒருவன் செடிகளுக்குள் இறங்கித் தேட வேண்டும். ஆகவே நாகலெட்சுமி தனக்குத் தெரிந்ததையே சொல்லிக்கொடுத்தாள். வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கைக்கு வந்தால் உடனே அடுத்த கைக்கு எறிய வேண்டும். "தரையில வைக்காதீங்கடா, கையில வச்சி ஊறப்போடாதீங்கடா" என்று கத்திக்கொண்டே இருப்பாள். பையன்கள் முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு வேகம் பிடித்தது. தரையில் படாமல் பந்து ஐந்து கைகளுக்குள் சுற்றி வருவதைப் பார்த்தால், கொழுந்து பறிக்கும் பெண்கள் பேச்சுக்கு நடுவிலேயே கையை மட்டும் ஓடவிடுவது நினைவுக்கு வரும்.

முதல் ஆட்டம் கண்டி அணியுடன். தோற்றார்கள், ஆனால் கொஞ்சப் புள்ளி வித்தியாசத்தில். அடுத்த வாரம் கினிகத்தேனைக்குப் போய் வென்றார்கள். யாரும் நம்பவில்லை, முடிவைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள் என்று முகநூலில் இரண்டு பேர் திருத்தம்கூடச் சொன்னார்கள். பிறகு ஒரு தோல்வி. அதற்கடுத்து நுவரெலியா அணியை, அவர்கள் சொந்தக் களத்திலேயே, குளிரில் மூக்கு ஒழுகிக்கொண்டு வென்றார்கள். பாதித் தொடருக்குள் புள்ளிப் பட்டியல் கலைந்து போயிருந்தது. பழைய வீரர்கள் கைப்பேசியில் சண்டை போட்டார்கள். இது கூடைப்பந்தே இல்லை, பொம்பளைப் பிள்ளைகள் ஆட்டம் என்று ஒருவர் எழுத, அந்தப் பொம்பளைப் பிள்ளைகளிடம்தானே தோற்றீர்கள் என்று இன்னொருவர் எழுதினார். அணித்தலைவன் வினோஜன் அதை வேனில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினான். நாகலெட்சுமி மட்டும் பின்பக்கம் திரும்பி, வேனில் ஏறியவர்களை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவளிடம் ஒரு கறுப்புக் கைப்பை உண்டு. ஊசி, பிளாஸ்டர், குளுக்கோஸ், ஒரு பழைய விசில். ஆட்டம் முழுக்க அது மடியில் இருக்கும். எதிரணிக்குத் தனி வீச்சுக் கிடைத்தால் அதன் வாரை விரலில் சுற்றிக்கொண்டு தேயிலைப் பக்கம் பார்ப்பாள். வினோஜன் திரும்பி "உள்ள போகல மிஸ்" என்று சொன்ன பிறகுதான் கண் களத்துக்கு வரும். அவள் இறந்துபோய் இந்த மழையோடு ஒரு வருடமாகிறது. அந்தப் பை வீட்டில் ஆணியிலேயே தொங்குகிறது. வாரில் அவள் சுற்றிச் சுற்றி வெளுத்த இடம் அப்படியே இருக்கிறது.

முதல் சுற்றின் கடைசி ஆட்டம் ஹட்டன் அணியுடன், சொந்தக் களத்தில். ஹட்டன் அணி அதுவரை தோற்கவே இல்லை. வென்றால் நான்காம் இடம், தோற்றால் ஐந்தாம் இடம். அந்த வாரம் நாகலெட்சுமி சரியாகத் தூங்கவில்லை. சனிக்கிழமை காலையில் வைத்திருந்த ஆட்டத்தைப் பனிமூட்டம் பிடித்துக்கொண்டது. ஒரு வளையத்திலிருந்து மறு வளையம் தெரியவில்லை. நடுவர்கள் மத்தியானம்வரை காத்திருந்து, பிறகும் காத்திருந்து, பனி கொஞ்சம் விலகியதும் தொடங்கினார்கள். ஹட்டன் அணியின் பயிற்றுநர் தர்ஷன் டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், கெட்டிக்காரன், வாய்க்காரன். அவளைக் கடந்து போகும்போது, "அக்கா, நெட்போலுக்குப் பாவாடை கட்டிக்கிட்டு வரணுமா, இப்பிடியே வரலாமா?" என்றான். "நீ பாவாடையே கட்டிக்கிட்டு வா தம்பி, நாங்க பழக்கித் தர்றோம்" என்றாள் அவள். பையன்கள் சிரித்தார்கள். அவள் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டாள்.

ஆட்டம் கடைசிவரை இழுபறி. முடிவு நெருங்கும்போது ஹட்டன் ஒரு புள்ளி முன்னால். பத்துப் பன்னிரண்டு வினாடிதான் மிச்சம். பந்து அவர்கள் பையனிடம். அவன் அவசரப்படாமல் ஓரத்தில் தட்டிக்கொண்டு நேரத்தைக் கரைத்தான். நேரம் குறிக்கும் மேசையில் இருந்தவர் ஆட்ட முடிவுக்கு அடிக்கும் கல்லூரி மணியின் கயிற்றைக் கையில் பிடித்துவிட்டார். அதிபர் எழுந்து கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

அப்போது கீழே ஃபக்டரியில் சங்கு ஊதியது.

வேலை விடுகிற சங்கு. அந்த மலையில் பிறந்தவர்களுக்கு அது காதில் விழுகிற சத்தம் இல்லை, முதுகில் விழுகிற சத்தம். ஊதியதும் மலையில் குனிந்திருந்தவர்கள் நிமிர்வார்கள், நீட்டிய கை திரும்பும், கூடைகள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தைப் பார்த்துத் திரும்பும். இந்தக் களத்தில் ஆட்டங்கள் எல்லாம் காலையில் முடிந்துவிடும், பயிற்சியோ ஐந்து மணிக்குப் பிறகுதான். அதனால் பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சங்கு ஒருநாளும் ஊதியதில்லை.

தட்டிக்கொண்டிருந்த ஹட்டன் பையன் பந்தைப் பிடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். அவனை மறித்து நின்ற வினோஜன் கையை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்து மூச்சு வாங்கினான். ஹட்டன் அணியிலும் தோட்டத்துப் பிள்ளைகள்தான். ஒருவன் பனியனைக் கழற்றப் போனான். பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்படியே விட்டுவிட்டார்கள். பாதையில் கூடையோடு இறங்கி வந்துகொண்டிருந்த, கொழுந்து பறிக்கும் வீரம்மா அதைப் பார்த்துவிட்டு, பின்னால் வந்தவர்களிடம், "பாருங்கடி, புள்ளைங்களுக்கும் வேல விட்டாச்சி" என்றாள்.

நிற்காதவன் நாகலெட்சுமியின் அணியில் இருந்த றமணன். வங்கி அதிகாரி ஒருவரின் மகன், யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றத்தில் வந்த குடும்பம், டவுனில் வீடு. அவன் நேராகப் போய், மரத்தில் பழம் பறிப்பதுபோல அந்த அக்குளிலிருந்து பந்தை எடுத்தான். ஓடினான். ஆளில்லாத வளையத்தில் போட்டான். அதற்குப் பிறகுதான் மணி அடித்தது.

ஒரு புள்ளியில் வெற்றி. நான்காம் இடம். அதிபர் கைதட்டினார். கல்லூரிப் பையன்கள் களத்துக்குள் பாய்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நாகலெட்சுமி தன்னைப் பார்த்துக்கொண்டாள். பை தோளில் கிடந்தது. களத்துக்கு முதுகைக் காட்டி, வீட்டுப் பாதையைப் பார்த்து நின்றிருந்தாள். சங்கு ஊதியதும் அவளும் எழுந்திருக்கிறாள்.

தர்ஷன் கத்தினான். விசிலா ஊதியது, மணியா அடித்தது என்று நடுவர் திருப்பிக் கேட்டார். ஏதோ சத்தத்தில் தன் பையன்கள் குழம்பிவிட்டார்கள் என்றான் அவன். என்ன சத்தம், ஏன் குழம்பினார்கள் என்பது டவுனில் வளர்ந்த அவனுக்குத் தெரியவில்லை. அவன் பையன்களோ தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். தங்களுக்கே வெட்கமான ஒரு காரணத்தை எப்படிச் சொல்வது? தொடர்க் குழுவிடம் முறையிடப் போவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் வேனில் ஏறினார்கள்.

பந்துகளைச் சாக்கில் போட வந்த வினோஜன் போகாமல் நின்றான். அவன் தாயும் கொழுந்து பறிப்பவர். பாதிச் சிரிப்போடு கேட்டான்:

"மிஸ், சங்குக்கு அப்புறம் கூடையில விழுந்தது யாரு பேர்லயும் சேராதுல்ல?"

நாகலெட்சுமி கடைசிப் பந்தைச் சாக்கில் போட்டாள். டயகமவில் அவள் தாய் வேலை செய்த மலையில் கங்காணி வைத்திருந்த கண்டிப்பு அது. சங்குக்குப் பிறகு ஒரு கொழுந்து கிள்ளினாலும் அது கூடையில் போகக்கூடாது; அடுத்தவள் நேரத்தோடு விட்டுவிட்டு நிற்கும்போது நீ மட்டும் கிள்ளினால் அது களவு. தாய் கையிலிருந்த கடைசிப் பிடியைச் செடிமேலேயே தூவிவிட்டு வருவதை அவள் பார்த்திருக்கிறாள். இந்தப் பையனுக்கும் அது எப்படியோ தெரிந்திருக்கிறது.

றமணன் பின்னால் நின்றிருந்தான். முகம் வாடியிருந்தது. "எனக்கும் கேட்டது மிஸ். அது ஃபக்டரிச் சத்தம்தானே, மணி அடிக்கேல்லையே. இவங்கள் எல்லாரும் ஏன் நிண்டவங்கள் எண்டு எனக்கு இப்பவும் விளங்கேல்லை. நான் பிழையா ஏதும் செய்தனானோ?"

"நீ ஒண்ணும் தப்பு செய்யல" என்றாள் அவள். அதுவும் உண்மைதான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

புதன்கிழமை ஹட்டனில் குழு கூடுவதாகத் தகவல் வந்தது. அதுவரை அவள் சாப்பிட்ட சாப்பாட்டைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது. தேநீர் ஊற்றிவிட்டு மறந்துபோவாள். நான்கரைக்குச் சங்கு ஊதினால் கையிலிருப்பதை வைத்துவிட்டு நின்றுவிடுவாள். முன்பும் அப்படித்தான் நின்றிருப்பாள், இப்போதுதான் தெரிந்தது. அதிபர் அவளை அழைத்து, வழக்கம்போல மெதுவாகச் சொன்னார்:

"நீங்கள் ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை, லெட்சுமி. மணி அடிக்கேல்லை, விசில் ஊதேல்லை. அவ்வளவைச் சொல்லிப்போட்டு வாங்கோ. அணி உங்களிட்டயே இருக்கும்."

ஹட்டனுக்கு அழகுமுத்துவின் ஆட்டோவிலேயே போனாள். ஆட்டோ தலவாக்கலையைத் தாண்டியது. பிறகு அவள் கேட்டாள்: சத்தம் வந்தப்ப நான் என்ன செஞ்சேன்னு நீங்க பாத்தீங்களா? அவன் அன்று வேலியோரம் ஆட்டோவோடு நின்றிருந்தான். கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"பைய மாட்டிக்கிட்டு கெளம்பிட்ட. நானும் ஆட்டோவ ஸ்டார்ட் பண்ணிட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. மீதிப் பாதை முழுவதும் வாரை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள்.

குழுத் தலைவர் கண்டிப் பக்கத்துப் பெரியவர், சிங்களத்தில் பேசினார். தர்ஷனின் முறைப்பாட்டைக் கேட்டார். விதிப் புத்தகத்தைப் பார்த்தார். ஒரு சத்தத்துக்காக ஆட்டத்தை யாராவது நிறுத்துவார்களா, பக்கத்துப் பாதையில் பஸ் ஹோர்ன் அடிப்பதில்லையா என்று கேட்டார். முறைப்பாடு தள்ளுபடியாகப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நாகலெட்சுமியிடம், மணி அடித்ததா என்றார். இல்லை என்றாள். விசில்? இல்லை. வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். அது வெறும் மரியாதைக்குக் கேட்பது. இல்லை என்று சொன்னால் போதும், அவள் எழுந்து வந்துவிடலாம்.

அவள் எழுந்தாள். நின்றுகொண்டே, தட்டுத்தடுமாறும் சிங்களத்தில் சொன்னாள். அது பஸ் ஹோர்ன் இல்லை. அந்தப் பிள்ளைகள் குழம்பவும் இல்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்கு விட்டுவிடத்தான் பழகியிருக்கிறார்கள். என் பிள்ளைகளில் நான்கு பேர் நின்றார்கள். நானும் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். ஆட்டம் அந்த இடத்தில் நின்றுபோய்விட்டது, ஐயா. அதற்குப் பிறகு விழுந்தது சேராது.

பெரியவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். யார் பக்கத்துக்குச் சாட்சி சொல்கிறீர்கள் என்பது தெரியுமா என்றார். தெரியும் என்றாள்.

சங்கு ஊதிய இடத்திலிருந்து மறுபடி ஆட வேண்டும் என்று முடிவானது. அடுத்த சனிக்கிழமை, அதே களம், ஹட்டன் ஒரு புள்ளி முன்னால், பந்து ஹட்டனிடம். பத்து வினாடி ஆட்டத்துக்காக ஒரு வேனில் ஒரு அணி மலையேறி வந்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. கல்லூரிப் பையன்கள் சிலர் நாகலெட்சுமியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதிபர் வந்திருந்தார், அவளைத் தாண்டிப் போய் மேசையருகே உட்கார்ந்தார். நடந்து போன தர்ஷன் நின்று, ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, "வந்தோம் அக்கா" என்று மட்டும் சொன்னான்.

றமணனைப் பந்து எறிபவனுக்கு எதிரே நிறுத்தினாள். தன்னால்தான் இவ்வளவும் என்று அவன் ஒரு வாரமாகச் சோர்ந்திருந்தான். "அன்னைக்கு ஓடுன மாதிரி ஓடு" என்றாள். விசில் ஊதியது. ஹட்டன் பையன் களத்துக்கு வெளியே நின்று பந்தை உயர்த்தினான். அவன் எறிந்த பந்தில் றமணனின் விரல் பட்டது. பட்டுத் திசைமாறி, வினோஜனின் கைக்குப் போவதற்கு ஒரு சாண் முன்னால், தரையிலிருந்த அந்தக் கோட்டில் விழுந்து, தேயிலைக்குள் ஓடியது. பந்து மறுபடியும் ஹட்டனுக்கு. அடுத்த எறிதல் சரியாகப் போய்ச் சேர்ந்தது. மணி அடித்தது. நாகலெட்சுமி அந்தப் பத்து வினாடியும் தேயிலைப் பக்கம் திரும்பவில்லை.

ஐந்தாம் இடம். அடுத்த மாதம் கண்டிக்காரர் வந்தார். நல்ல மனிதர், பந்தைத் தட்டி ஆடச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் சுற்றில் பையன்கள் பாதி நேரம் தேயிலைக்குள்தான் இருந்தார்கள். அவள் வகுப்புகளை எடுத்தாள், சனிக்கிழமைகளில் களத்தோரத்து மேட்டில் போய் உட்கார்ந்து பார்த்தாள். அணி வென்றாலும் தோற்றாலும் அவளுக்கு இப்போது சோறு ஒரே மாதிரிதான் இறங்கியது. அழகுமுத்துவுக்கு மீன் கிடைப்பது நின்றுபோனது. அதை அவன் ஒரு குறையாகவே சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தத் தொடரில் ஒரு புது வழக்கம் மட்டும் வந்தது. மலையில் எந்தக் களத்துக்குப் போனாலும் நடுவர்கள் முதலில் கேட்பார்கள், இங்கே சங்கு எத்தனை மணிக்கு என்று. சங்கு ஊதினால் விசிலும் ஊதும், கடிகாரம் நிற்கும். சங்கு ஓய்ந்த பிறகுதான் ஆட்டம்.

அவள் கடைசியாகப் பார்த்த ஆட்டமும் அந்தக் களத்தில்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய வாரம், வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வந்து மேட்டில் உட்கார்ந்திருந்தாள். அன்றும் பனியில் ஆட்டம் பிந்தித் தொடங்கி, மூன்றாம் கால்பகுதியில் சங்கு ஊதியது. நடுவர் விசில் ஊதிப் பந்தை வாங்கி அக்குளில் வைத்துக்கொண்டார். பத்துப் பேரும் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். றமணனும் நின்றான், நின்று மேட்டைப் பார்த்தான். நாகலெட்சுமி பையைத் தோளில் மாட்டி எழுந்திருந்தாள். இரண்டு அடி நடந்துவிட்டாள். பிறகு நினைவு வந்து, சிரித்துக்கொண்டே திரும்பி, பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.